நேமிங் ரைட்ஸ்: பெயர் உரிமையா, பெயர்க் குத்தகையா?

வணக்கம்.

கூடைப்பந்து உள்ளரங்குக்கு ஒரு நிறுவனம் பணம் கட்டித் தன் பெயரை வைப்பதற்கு ('நேமிங் ரைட்ஸ்') ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். 'பெயர் உரிமை' என்பதில் காலவரை தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1999இல் திறந்த ஸ்டேபிள்ஸ் சென்டர், 2021 டிசம்பர் 25 முதல் கிரிப்டோ.காம் அரீனா. கட்டடமும் மாறவில்லை, அங்கே ஆடும் லேக்கர்ஸ் அணியும் இடம் மாறவில்லை; பணம் கட்டும் நிறுவனம்தான் மாறியது. 'பெயர் சூட்டல்' என்றால் மரியாதை செய்வதாகிவிடும். சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. 'பெயர்க் குத்தகை' என்பது என் முன்மொழிவு.

---

> 'பெயர்க் குத்தகை' என்பது என் முன்மொழிவு.

ஐயா, குத்தகை என்றால் நிலம் எடுத்தவர் கைக்குப் போய்விடும், விளைச்சலும் அவருக்கே. இங்கே அரங்கை நடத்துபவர் மாறுவதில்லை. நிறுவனம் அரங்கையே எடுத்துவிட்டது என்று படிப்பவர் நினைத்துவிட மாட்டாரா? 'பெயர் உரிமம்' போதாதா?

---

> 'பெயர் உரிமம்' போதாதா?

அம்மா, உரிமம் எதிர்த்திசையில் ஓடுகிறது. டிக்கெட்டிலும் இணையதளத்திலும் நிறுவனத்தின் இலச்சினையை அச்சிட, நிறுவனம்தான் அரங்குக்கு வணிகச் சின்ன உரிமம் தர வேண்டும். ஒரே ஒப்பந்தத்துக்குள் இரண்டும் வரும்: அரங்கு பெயரிடத்தை விடுகிறது, நிறுவனம் சின்னத்தைத் தருகிறது. இரண்டையும் உரிமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் பக்கத்திலேயே திணறிப்போவார்.

மயாமியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அங்குள்ள கூடைப்பந்து அரங்கு மயாமி-டேட் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகம்) சொத்து. 2021இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனம் 19 ஆண்டுகளுக்கு 135 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2022 நவம்பரில் திவாலானது. 2023 ஜனவரியில் திவால் நீதிமன்றம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழிவிட்டது. கொஞ்ச காலம் மயாமி-டேட் அரீனா என்றிருந்து, ஏப்ரலில் கசேயா என்ற மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் கசேயா சென்டர் ஆனது: 17 ஆண்டுகள், 117.4 மில்லியன் டாலர். 'குத்தகை பாதியில் முறிந்தது, கவுன்டி வேறொருவருக்கு விட்டது' என்று எழுதினால் விளக்கமே வேண்டாம். குத்தகைதாரர், குத்தகைக் காலம், பாக்கி என்று கிளைச்சொற்களும் தயாராக இருக்கின்றன.

முறிந்த பிறகுதான் வேலை. கூரை எழுத்து, வாயில் பலகை, சாலை வழிகாட்டிப் பலகை, ஊழியர் சீருடை எல்லாம் மாற வேண்டும். ஆடுதளம் தனித் தலைவலி. கழற்றி மாட்டும் மேப்பிள் மரத் தளம் பெரும்பாலும் 4×8 அடிப் பலகைகளால் ஆனது. இலச்சினை அவற்றில் வண்ணமாக ஏறி, மேலே வார்னிஷ் பூசியிருக்கும். எடுக்க வேண்டுமானால் தேய்த்து மறுபடி பூச வேண்டும். ஒட்டுப்படம் உரிக்க எளிது, ஆனால் வியர்வை பட்டால் வழுக்கும். இந்தச் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தனி விதி தேவை. 'பெயர்நீக்கச் செலவு' என்று வைக்கலாம்.

---

குத்தகைக்கே என் ஓட்டு. ஒன்று விட்டுப்போயிற்று: 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக்கில் குத்தகைப் பெயர் செல்லாமல் இருந்தது. 2012 லண்டனில் ஓ2 அரீனா 'நார்த் கிரீனிச் அரீனா' ஆனது. 2024 பாரிஸில் அக்கோர் அரீனா 'பெர்சி அரீனா' ஆனது. இந்த 'கிளீன் வென்யூ' விதியைத் 'தூய அரங்கு' என்றால் துப்புரவுத் திட்டம் என்றே எண்ணுவார்கள். 'விளம்பரம் நீக்கிய அரங்கு' என்றால் செய்ய வேண்டிய வேலையும் புரியும்.

ஸ்பான்சருக்குப் 'புரவலர்' வேண்டாம். புரவலர் கொடுத்துவிட்டுப் போகிறவர். இவர் தொலைக்காட்சியில் தன் பெயர் எத்தனை நொடி தெரிந்தது என்று கணக்குக் கேட்பவர். 'விளம்பரதாரர்' கிரிக்கெட் வழியாக ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

---

சரி, பெயர்க் குத்தகை, பெயர்நீக்கச் செலவு, விளம்பரம் நீக்கிய அரங்கு, விளம்பரதாரர். அரங்கின் பெயரைத் தொடாமல் ஒரு வாயிலுக்கோ மாடத்துக்கோ மட்டும் பெயர் வைப்பதை 'உட்குத்தகை' எனலாமா? எனக்கு அது உள்குத்தகைதாரர் வழக்கை நினைவூட்டுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.