வீட்டில் தமிழா, பிரெஞ்சா? மொன்றியல் பெற்றோரிடம் ஒரு கேள்வி

வவுனியா அம்மா:
நாங்கள் மொன்றியலுக்கு வந்து பதினான்கு மாதங்கள். மகனுக்கு எட்டு வயது. குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று கெபெக் மாகாணத்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், தெரிவு எங்கள் கையில் இல்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில் படிக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் சொல்வதெழுதல். போன வாரம் இருபது சொற்களில் பதினொன்று பிழை.

"வீட்டிலும் பிரெஞ்சு பேசினால் நல்லது" என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் அரைகுறைப் பிரெஞ்சைப் பேசுகிறேன். பிள்ளை வாயே திறப்பதில்லை. முன்பு சொதி ஆறும் வரை பள்ளிக்கூடக் கதை சொன்னவன். கணவருக்குத் தெரிந்தது உணவகச் சமையலறைப் பிரெஞ்சு. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. என்ன செய்யலாம்?

பார்க் எக்ஸ்ரென்ஷன் அக்கா:
தங்கச்சி, முதலில் அந்த மேசைப் பிரெஞ்சை நிறுத்துங்கள். நானும் மூத்தவனுடன் ஓராண்டு அதே கூத்தை ஆடினேன். பிரெஞ்சு வளரவில்லை, பேச்சுத்தான் குறைந்தது. தமிழில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சில் புதிதாகத் தேவைப்படுவது சொற்கள் மட்டுமே. கதையே சொல்லாத பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

நீங்கள் ஆசிரியை ஆக வேண்டாம், மாணவி ஆகுங்கள். என் இளையவள் எனக்கு எண்கள் கற்றுத்தந்தாள். தொண்ணூற்றேழு என்பதற்கு "நான்கு இருபது, பத்து, ஏழு" என்கிறார்கள். எந்தக் கடைக்காரன் கண்டுபிடித்த கணக்கோ! நான் தடுமாறத் தடுமாற அவளுக்கு அது பாடமானது.

வீட்டுச் சாமான்களில் காகிதம் ஒட்டினோம். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு. நமக்கு அஃறிணை என்று ஒன்று இருப்பதால் கதவும் கதிரையும் பெண், கட்டில் ஆண் என்பது மண்டையில் ஏறாது. பெயரையும் பாலையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

ரொறன்ரோ அப்பா:
எங்கள் மகள் இங்கே பிரெஞ்சு இமெர்ஷனில், அதாவது பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பில், படிக்கிறாள். தனியார் ஆசிரியர் ஒருவரை வைத்தோம், நல்ல பலன். நீங்களும் வைக்கலாமே?

பார்க் எக்ஸ்ரென்ஷன் அக்கா:
தம்பி, உங்கள் மகளுக்கு வகுப்பை விட்டு வெளியே வந்தால் பிரெஞ்சு காதில் விழாது, ஆகவே ஆள் வைத்தது சரி. இங்கே பஸ்ஸில் ஏறினாலே பிரெஞ்சுதான். வீட்டுப்பாட உதவிக்கு அல்லோப்ரோஃப் என்ற சேவை இலவசமாகவே இருக்கிறது. பெரி-யூகாம் மெட்ரோவில் இறங்கினால் பெரிய நூலகம். கெபெக்கில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. வாடகை கட்டும் காசில் ஆசிரியர் எதற்கு?

வகுப்பறை உதவியாளர்:
சொல்வதெழுதலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தமிழில் எழுதியதை ஏறக்குறைய அப்படியே வாசித்துவிடலாம். பிரெஞ்சில் 'பறவை' என்ற சொல்லுக்கு ஆறு எழுத்துகள், ஒலிப்பதோ 'வாஸோ'. 'அவர்கள்' என்பதற்கான பன்மை வினையின் ஈற்றில் பெரும்பாலும் மூன்று எழுத்துகள் எழுதுவார்கள், ஒன்றையும் ஒலிக்க மாட்டார்கள். பதினொரு பிழை அவனுடைய கவனக்குறைவு அல்ல. நாளுக்கு நான்கு சொற்கள், எழுதியே பழகட்டும். வியாழன் இரவு இருபதையும் திணிக்காதீர்கள்.

தனியாக நின்றால் ஊமையாக இருக்கும் ஈற்றெழுத்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பல இடங்களில் பேசத் தொடங்கிவிடும்: 'லெ', 'அமி' சேர்ந்து 'லெஸாமி' (நண்பர்கள்). புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதா?

இன்னொன்று: இங்கே 'நீ' என்பதை 'த்ஸூ' என்பது போலச் சொல்வார்கள். பாரிஸ் காணொளிகளைப் பார்த்துவிட்டு அவன் உச்சரிப்பைத் திருத்தப் போகாதீர்கள்.

வவுனியா அம்மா:
நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த 'நீ'யை எனக்குக் கற்றுத்தரச் சொன்னேன். "அம்மா, நாக்கில் இ, உதட்டில் உ" என்று என் கன்னங்களைப் பிடித்துக் குவித்தான். எனக்கு விசில்தான் வந்தது. பிறகு பனியில் யார் யாரைத் தள்ளினார்கள் என்று அரை மணி நேரம் தமிழில் சொன்னான்.

இப்போது காகிதம் ஒட்டுகிறேன், பிள்ளை தூங்கிவிட்டான். குளிர்சாதனப் பெட்டிக்கு எந்த நிறம்? கணவர் சிவப்பு என்கிறார்.

பார்க் எக்ஸ்ரென்ஷன் அக்கா:
நீலம். அவருக்கும் ஒரு காகிதம் ஒட்டுங்கள்.