பியாஃப் பாட்டு பிடித்துவிட்டது, அடுத்து என்ன கேட்கலாம்?

திருமங்கலத்தான்: மாட்டுத்தாவணியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும்போது, பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் வாழ்க்கையைச் சொல்லும் 2007 படத்தின் பாட்டுகளைக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அந்த 'ர'வைத் தொண்டையில் உருட்டி உருட்டிப் பாடுகிறாரே, அதிலேயே விழுந்துவிட்டேன். நடிகை மரியோன் கோத்தியாரே பாடினாரா?

தெப்பக்குளம்: இல்லண்ணே. பெரும்பாலும் பியாஃப்பின் பழைய ஒலிப்பதிவுதான், சில இடங்களில் வேறு பாடகி. கோத்தியார் வாயசைத்ததற்கே ஆஸ்கர் கொடுக்கலாம், கொடுத்தும்விட்டார்கள்.

விளக்குத்தூண்: இன்னொரு பிரெஞ்சுப் பாடகர் சார்ல் த்ரெனேயின் 'லா மேர்' கேளுங்க. கடல் பாட்டு. வைகையில் பாதி நாள் மணலைப் பார்க்கும் நமக்கே அலையடிக்கும். அப்புறம், பியாஃப் 1960இல் பாடிய 'எதற்கும் வருந்தவில்லை' பாட்டுதான் 'இன்செப்ஷன்' படத்தில் கனவிலிருந்து எழுப்புகிற பாட்டு.

திருமங்கலத்தான்: சரி தம்பி, கேட்கிறேன். அம்மாதான் "யாருடா இந்தப் பொம்பளை, யாரோடு சண்டை போடுது" என்கிறார்.