மறு: கன்கரன்ட் பார்ட்னர்ஷிப்: நடத்தையா, உறவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘கன்கரன்ட் பார்ட்னர்ஷிப்’, அதாவது ஒருவருக்கு ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாலுறவுகள் நடப்பில் இருப்பது, அதற்கு நம் அகராதிப் பக்கத்துக்காகத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். ஒருவர் ‘இடர்மிகு பாலியல் நடத்தை’ என்று எழுதி, நாலு பேர் அதற்கு ஆமாம் போட்டதும் இருப்புக்கொள்ளவில்லை.

எனக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. கேரள-தமிழக எல்லையில் வாளையாறு பக்கம் லாரி ஓட்டுநர்களிடம் எச்.ஐ.வி. கணக்கெடுப்புக்காகக் கேட்கும் கேள்வித்தாளை மலையாளத்திலிருந்து தமிழாக்கித் தந்திருக்கிறேன். ஆள் பற்றாதபோது படிவத்தோடு நானே போனதும் உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஓட்டுநர்களுக்கு வேறு வேலை இல்லை, பேசுவார்கள்.

அப்படி ஒருநாள், “உங்கள் பாலியல் நடத்தை பற்றிச் சில கேள்விகள்” என்று படிவத்தில் இருந்தபடியே வாசித்தேன். நாமக்கல் ஓட்டுநர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். “என்ற நடத்தைக்கு என்னங்க கொறச்சல்?” அதோடு பேட்டி முடிந்தது. தப்பு என்னுடையது. மலையாளத்தில் ‘பெருமாற்றம்’ என்று சாதுவாக இருந்ததை நடத்தை ஆக்கியது நான்தான். நமக்கு நடத்தை என்றாலே நன்னடத்தைச் சான்றிதழ், இல்லாவிட்டால் நடத்தை கெட்டவள். நடுவில் ஒன்றும் கிடையாது.

சரி, கன்கரன்சிக்கு வருகிறேன்.

> பலதுணை உறவு என்றே வைத்தால் என்ன?

வைக்க முடியாது. எத்தனை பேர் என்பது வேறு கேள்வி, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. கடந்த 12 மாதத்தில் எத்தனை பேரோடு என்று கேட்டு அதில் எண்ணை எழுதிக்கொள்வோம். கன்கரன்சியோ காலத்தைப் பற்றியது. ஒருவன் சித்திரையில் ஒருத்தியை விட்டுவிட்டு ஆடியில் இன்னொருத்தியோடு சேர்ந்தால் எண்ணிக்கை இரண்டு. இருவரோடும் மாறி மாறி இருந்தாலும் இரண்டுதான். ஆனால் நோய் போகிற வழி இரண்டிலும் ஒன்றல்ல. முதல் வகையில், ஆடியில் வந்தவளிடமிருந்து அவனுக்குத் தொற்றினாலும் சித்திரையில் பிரிந்தவளுக்கு அது திரும்பிப் போகாது. இரண்டாவதில் இரு பக்கமும் வழி திறந்தே கிடக்கிறது. தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். அந்த வாரங்களுக்குள் அடுத்தவரிடம் போய்ச் சேர இதைவிடக் குறுக்கு வழி இல்லை. மார்டினா மாரிஸ், மிர்யம் கிரெட்ஷ்மார் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், துணைகளின் எண்ணிக்கையை மாற்றாமல் உறவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை மட்டும் கூட்டிக் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். பரவல் பலமடங்கு வேகம் பிடித்தது. (ஆப்பிரிக்காவில் அத்தனை பரவியதற்கு இதுதான் காரணமா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. அது நம் வேலை இல்லை.)

எங்கள் ஊரில் சொல்வதானால், கடலை பிடுங்கி, உழுது, ஆறப்போட்டு, வேறு பயிர் வைப்பது ஒன்று. தென்னைக்கு நடுவே ஊடுபயிர் போடுவது இன்னொன்று. இதை யோசித்தபோது ‘ஊடுறவு’ என்று வைத்தால் என்ன என்று எனக்கே ஆசை வந்தது. வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். “ஊடுருவலா? பார்டர்லயா?” என்று கேட்டாள் மகள். விட்டுவிட்டேன். தவிர, அதற்குள் ஊடல் வேறு உட்கார்ந்திருக்கிறது.

> ஒரேநேர உறவு: எளிமை, எல்லாருக்கும் புரியும்.

எல்லாருக்கும் வேறு ஏதோ புரியும். படிவத்தோடு போகிறவர்கள் அடிவாங்காமல் திரும்பவேண்டும் என்பதையும் கொஞ்சம் நினையுங்கள். ‘கள்ள’ என்று தொடங்கும் யோசனைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ‘தொடுப்பு’ என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். கொங்குப் பக்கம் புழங்கும் சொல், விட்டும் விடாமலும் ஓடுவது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆனால் தொடுப்பு என்றால் மனைவி அதில் சேரமாட்டாள். கன்கரன்சி கணக்கிலோ மனைவியும் ஒரு துணை.

நான் எழுத உட்கார்ந்ததே அந்த மனைவிக்காகத்தான். ஒருவனுக்கு இரண்டு உறவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்றால், அவன் தொற்று வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு துணைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததுதான். உறவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கூடுவது அவனுடைய துணைகளுக்கு உள்ள இடர். வீட்டில் இருப்பவளைப் பேட்டி கண்டால் துணை ஒன்று, வெளி உறவு இல்லை என்று எல்லாக் கட்டமும் சுத்தமாக இருக்கும். ‘இடர்மிகு நடத்தை’ என்று அட்டவணைக்குத் தலைப்புப் போட்டால் அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் விழும். அவளுடைய இடர் அவள் நடத்தையில் இல்லை. அவன் வழியாக, அவள் பார்த்தே இராத இன்னொரு உறவிலிருந்து வருகிறது. அதனால் தலைச்சொல் ‘உறவு’ என்றுதான் இருக்கவேண்டும் என்கிறேன். நடத்தை ஆளின்மேல் ஒட்டிக்கொள்ளும். உறவு என்றால் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கும்.

அடைமொழிக்கு என் ஓட்டு ‘உடனிகழ்’. புதிதாகக் காய்ச்ச வேண்டியதில்லை, இலக்கணத்திலேயே கிடக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் ஒடு, ஓடு உருபுகளுக்கு உடனிகழ்ச்சிப் பொருள் என்று பள்ளியில் படித்திருப்போம். தாயோடு குழந்தை வந்தது. அதில் ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. உடனிகழ் உறவு. அதை அளக்கும்போது உடனிகழ்வு விகிதம்.

அளக்கும் விதத்தையும் பாருங்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸின் ஆலோசனைக் குழு 2009இல் பரிந்துரைத்தபடி, பேட்டி நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு, அந்த ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உறவு நடப்பில் இருந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும். இன்றைய தேதியை ஏன் எடுப்பதில்லை என்றால், போன வாரம் சந்தித்தவளை மறுபடி சந்திப்பானா என்பது அவனுக்கே தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்பு ஓடியது தொடர்ந்ததா முடிந்ததா என்பது இப்போது தெரிந்துவிட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு துணைக்கும் முதல் தடவை எப்போது, கடைசித் தடவை எப்போது, இனியும் உண்டா என்ற மூன்று கேள்வி போதும். பதில் தேதியாக வராது. “ஓணத்துக்குத் தக்காளி லோடு வந்தப்ப” என்பார்கள். அதை மாதமாக்குவது நம் பாடு.

கவனித்திருப்பீர்கள், அந்த மூன்று கேள்வியில் உடனிகழ் என்ற சொல்லே வரவில்லை. வரவும் கூடாது. அது அட்டவணைக்கும் அறிக்கைக்கும் உரிய சொல். ஓட்டுநரிடம் வாசிப்பதற்கல்ல.

பாக்கி ஒன்று. பார்ட்னர். ‘கூட்டாளி’ வேண்டவே வேண்டாம், திருட்டு வழக்கு மாதிரி இருக்கிறது. ‘துணை’ எனக்குச் சம்மதம்தான், ஒரே இரவு வந்துபோனவரைத் துணை என்பதா என்ற உறுத்தல் மட்டும் இருக்கிறது. ஆந்திராவின் குப்பம், நகரி பக்கத்து நண்பர்கள் தெலுங்குப் படிவங்களோடு மல்லுக்கட்டியவர்கள். அங்கே என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், உடன் + நிகழ் சேர்ந்தால் உடனிகழ். ‘உடன்நிகழ்’ என்று பிரித்து எழுதுகிறவர்களுக்காக அகராதிப் பக்கத்தில் இரண்டு வடிவத்தையும் போட்டுவிடுங்கள், தேடினால் கிடைக்கட்டும்.