நீர் சொட்டிய இடத்தில் ஒரு வாளி

மாமா, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை உங்கள் அத்தை ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடி நடைவழியில் தேங்கியிருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்ததால் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரங்களுக்குத் தையல் இயந்திரத்தின் பக்கமே போகக் கூடாதாம்.

சித்தப்பா, காலை 7:20
என் அக்காவின் வருமானமே அந்தக் கையில்தான் இருக்கிறது, மாமா. இதைச் சும்மா விடக் கூடாது. அவர்கள் இடத்தில் விழுந்ததால் அவர்கள்தானே இழப்பீடு தர வேண்டும்?

அக்கா, காலை 7:41
சித்தப்பா, ஒரு வழக்கறிஞராகச் சொல்கிறேன், அவர்கள் இடத்தில் விழுந்தார் என்பது மட்டும் போதாது. அங்கே ஆபத்து இருந்தது என்பதையும், அது இருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் அல்லது வழக்கமான கவனத்தோடு பார்த்திருந்தால் அறிந்திருப்பார்கள் என்பதையும், அறிந்தும் துடைக்கவோ எச்சரிக்கவோ தவறினார்கள் என்பதையும், அதனால்தான் அத்தைக்கு அடிபட்டது என்பதையும் நாம் காட்ட வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டத்தின் விவரங்கள் மாறினாலும் இந்த அடிப்படை பெரும்பாலும் மாறுவதில்லை.

சித்தப்பா, காலை 7:46
அவர்களுக்குத் தெரியும் என்பதை நாம் எப்படி அம்மா காட்டுவது? தண்ணீர் இப்போதுதான் கொட்டியது என்று சொல்லிவிட்டால்?

அக்கா, காலை 8:05
இந்த வழக்குகளின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு வழக்குகள் வந்தன. இரண்டிலும் ரயில் நிலைய நடைமேடையில் கிடந்த வாழைப்பழத் தோலில் பயணி ஒருவர் வழுக்கி விழுந்திருந்தார். 1901-இல் வந்த வழக்கில், அந்தத் தோலை ஒரு நிமிடத்துக்கு முன்புகூட யாரேனும் போட்டிருக்கலாம் என்பதால் பயணி தோற்றார். 1911-இல் வந்த வழக்கிலோ, தோல் காய்ந்து, மண் படிந்து, மிதிபட்டுத் தட்டையாகி, கறுத்துப் போயிருந்ததைப் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் கறுப்பே, அது நெடுநேரம் கிடந்தும் ஊழியர்கள் அகற்றவில்லை என்பதற்குச் சான்றாக ஏற்கப்பட்டது. எனவே தண்ணீர் எவ்வளவு நேரமாகத் தேங்கியிருந்தது என்பதற்கு நமக்கு ஓர் அடையாளம் வேண்டும்.

அத்தை, காலை 8:19
நான் பேசப் பேசக் கைப்பேசி எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழுவதற்குச் சற்று முன் மணி பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தேன், தரையைப் பார்க்கவில்லை. தவறு என்மேலும் இருக்கும்போது அவர்களிடம் போய்ப் பணம் கேட்பது நியாயமா என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

அக்கா, காலை 8:33
அத்தை, இதை என்னிடம் சொன்னது மிகவும் நல்லது. உங்கள் வழக்கறிஞருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அடிபட்டவர்மேல் சிறு தவறு இருந்தாலே இழப்பீடு முழுவதும் போய்விடும். இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை மாற்றி, அவரவர் தவறின் அளவுக்கேற்பத் தொகையைக் குறைத்துக்கொண்டால் போதும் என்று வகுத்தது. இன்று பல நாடுகளில் ஏறத்தாழ இதே முறைதான் இருக்கிறது. நீங்கள் கேட்பது அவர்களின் பங்கை மட்டுமே, அதில் அநியாயம் எதுவும் இல்லை. பல இடங்களில் அந்தத் தொகையைத் தருவதும் கட்டடத்தின் காப்பீட்டு நிறுவனமாகத்தான் இருக்கும்.

நான், காலை 8:50
அத்தையை அழைத்து வரப் போனபோது மருத்துவரிடம் காட்டலாம் என்று அந்த இடத்திலேயே கையைப் படம் எடுத்தேன். வேறு படம் என்னிடம் இல்லை.
[படம்]

அக்கா, காலை 8:58
தம்பி, படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார். அங்கே ஒரு நீல வாளி விளிம்புவரை நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது, அதற்கு நேர்மேலே கூரையில் பழுப்பாக ஒரு நீர்க்கறை படர்ந்திருக்கிறது. தானாக வந்து உட்காரும் பொருளா வாளி? கூரை ஒழுகுவதைப் பார்த்த ஒருவர்தான் அதைக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். வைத்தவர் அங்கே வேலை செய்பவர் என்பது உறுதியானால், அவர்களுக்குத் தெரியாது என்ற வாதம் நிற்காது. படத்தை வெட்டாதே, திருத்தாதே, எடுத்த நேரம் தெரியும் மூலக் கோப்பை அப்படியே வைத்திரு.

சித்தப்பா, காலை 9:04
அப்படியானால் இன்றே வழக்குப் போட்டுவிடலாமா?

அக்கா, காலை 9:22
வழக்குக்கு அவசரமில்லை, சித்தப்பா, சான்றுகளுக்குத்தான் அவசரம். வழக்குத் தொடுக்கும் காலவரம்பு பல நாடுகளில் ஆண்டுக் கணக்கில் இருக்கும், இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டுகள். (இடம் அரசுக்குச் சொந்தமானதாக இருந்தால் பல இடங்களில் அதற்கு மிகவும் முன்பே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.) ஆனால் கண்காணிப்புக் கேமராவின் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அதை அழிக்காமல் வைத்திருக்குமாறு இன்றே எழுத்தில் கேட்டு, கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வாங்குவோம். மாமா, மருத்துவக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறீர்களா?

மாமா, காலை 9:31
“கீழே விழுந்ததில் காயம்” என்று மட்டும்தான் இருக்கிறது.

அக்கா, காலை 9:36
அப்படியே விட்டால், வீட்டிலேயே விழுந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். எங்கே, எப்படி விழுந்தார் என்பதையும் குறிப்பில் சேர்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை ரசீதுகளோடு, திருப்பி அனுப்பிய தையல் வேலைகளின் கணக்கையும் தேதியிட்டு எழுதி வையுங்கள். வளாகத்திலிருந்து யாராவது ஒரு தொகையோடு வந்து காகிதம் நீட்டினால், என்னைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். இனி வேறெந்தக் கோரிக்கையும் இல்லை என்ற ஒரு வரி அதில் இருந்தால், பின்னர் கைக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்பட்டாலும் எதுவும் கேட்க முடியாமல் போகலாம்.

மாமா, பிற்பகல் 1:15
அங்கே போய் வந்தேன். வாளி இல்லை, தரை காய்ந்திருக்கிறது, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒன்று புதிதாக நிற்கிறது. எதிரே கடை வைத்திருப்பவர், மூன்று நாட்களாகக் கூரை ஒழுகுவதாகவும், தாமே இரண்டு முறை மேலாளரிடம் சொன்னதாகவும் கூறினார். எழுதித் தரவும் அவர் சம்மதித்திருக்கிறார்.

அக்கா, பிற்பகல் 1:28
அவர் கண்டதையும் சொன்னதையும் அவருடைய சொற்களிலேயே எழுதட்டும்; நாம் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. விபத்துக்குப் பிறகு வைத்த பலகையைத் தவறுக்குச் சான்றாகக் காட்டச் சில நாடுகளின் சட்டம் இடம் தராது, ஆனால் வாளியும் மேலாளரிடம் சொன்ன புகாரும் விபத்துக்கு முந்தியவை. அத்தை, நேற்று அணிந்திருந்த செருப்பு எங்கே? அதன் அடிப்பகுதி தேய்ந்திருந்தது என்று அவர்கள் சொல்லக்கூடும்.

அத்தை, பிற்பகல் 1:40
வாசலில்தான் கிடக்கிறது. அடியில் வரிகள் எல்லாம் அழியாமல் இருக்கின்றன, கறை மட்டும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கழுவாமல் அப்படியே காகிதப் பையில் போட்டு, இடது கையாலேயே தேதி எழுதி வைத்துவிட்டேன். கடிதத்தை எழுதி அனுப்பு அம்மா, நான் கையெழுத்திடுகிறேன்.