கிளறாத தோட்டத்தில் மோல் தொல்லை: யார் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கீரைக்காரி (கென்ட், இங்கிலாந்து):
மண்ணைக் கொத்தாமல், அட்டை விரித்து மேலே மக்கிய உரம் பரப்பித் தோட்டம் போடுகிறேன். முதல் வருடம் தொல்லை இல்லை. மண்புழு பெருகியதும் மோல் வந்துவிட்டது. பார்த்திராதவர்களுக்கு: இது எலி இனம் இல்லை, மூஞ்சூறுக்குச் சொந்தம். ஒரு சாண் நீளம்கூட இராது. கறுத்த மென்மயிர், தோண்டுவதற்கென்றே அகன்ற முன்னங்கை. கீரை, கிழங்கு எதையும் தின்னாது. மண்புழுவும் மண்ணுக்குள் இருக்கும் பூச்சிப்புழுவும்தான் சாப்பாடு. செடிக்கென்று நாம் வைத்த பந்தியில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

சேதம் வேறு விதம். மேல்மட்டத்தில் சுரங்கம் ஓடும்போது நாற்று அப்படியே தூக்கிக்கொள்ளும். வேருக்குக் கீழே வெறும் காற்று. வெயில் ஏறினால் பீட்ரூட் துவண்டுவிடும். அதனால் காலையில் ஒரு சுற்றுப் போய், உப்பியிருக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். அன்றே கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கேரட்தான் சிக்கல். நாற்றையாவது திரும்ப நடலாம், முளைவிடும் விதையைப் புரட்டிப் போட்டால் என்ன செய்வது? கேரட்டுக்கு மட்டும் அடியில் கம்பிவலை அடித்த பெட்டிப் பாத்தி வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் தட்டில் வளர்த்து, வேர் பிடித்த பிறகே பாத்திக்குப் போகும்.

பூண்டு, மண்ணில் குத்திய போத்தல், பேட்டரியில் அதிரும் குச்சி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். என் தோட்டத்தில் அதிரும் குச்சிக்குப் பக்கத்திலேயே மோல் தோண்டித் தள்ளிய புது மண்மேடு எழும்பியது!

வேர்ப்பித்தன் (டோர்ட்மண்ட், ஜெர்மனி):
அக்கா, இங்கே மோல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அனுமதியில்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆகவே பொறி என்ற பேச்சே இல்லை. எனக்கு மோலைவிட, வேரைத் தின்னும் வூல்மவுஸ் எலிதான் பெரிய எதிரி. மோல் போட்ட வழியிலேயே அதுவும் வரும். கிழங்கைக் கடித்திருந்தால் பழியை மோல் மேல் போடாதீர்கள்.

யார் வேலை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுரங்கத்தை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து விடுங்கள். எலி என்றால் சில மணி நேரத்தில் மண்ணை வைத்து அடைத்துவிடும். மோல் அவ்வளவு அவசரப்படாது, பெரும்பாலும் அதற்குக் கீழால் புதுவழி தோண்டிப் போய்விடும். துளையின் வடிவமும் வேறு: எலியுடையது உயர்ந்து ஒடுங்கியிருக்கும், மோலுடையது சற்றே தட்டையாக இருக்கும்.

மண்வெட்டி (யார்க்‌ஷயர், இங்கிலாந்து):
இங்கே பொறி வைக்கத் தடையில்லை. ஸ்ட்ரிக்னைன் விஷத்தைத்தான் 2006-ல் நிறுத்தினார்கள், நல்ல காரியம். நானும் பொறி வைத்துப் பிடித்தேன். ஆனால் இது தனியாக வாழும் பிராணி. ஒன்று போனால் காலியான சுரங்கத்துக்குப் பக்கத்து மோல் குடிவந்துவிடுகிறது. புழு இருக்கும்வரை வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். மேட்டு மண்ணை அள்ளி, சலித்த மக்குரத்தோடு கலந்து நாற்றுத் தட்டில் போடுகிறேன். கட்டியில்லாத, பொடிப் பொடியான மண்.

பக்கத்துப் பாத்திப் பெரியவர் மண்மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் கதையைத் தொடங்கிவிடுவார். குதிரை மோல் மேட்டில் இடறி, அரசர் விழுந்து காறை எலும்பு முறிந்து, 1702-ல் இறந்தே போனாராம். அதற்காக நான் ஏன் பொறி வைக்க வேண்டும் என்றுதான் புரியவில்லை.

மூடாக்கு (தஞ்சாவூர்):
எங்கள் ஊரில் மோல் கிடையாது, ஆனால் பெருச்சாளி உண்டு. மூடாக்கு போட்ட மேட்டுப்பாத்தியில் ஓரமாக வளை தோண்டி, சேப்பங்கிழங்கைக் குடைந்துவிட்டது. நீங்கள் சொல்லும் அழுத்துகிற வேலை இதற்கும் ஆகுமா?

கீரைக்காரி:
ஆகாது தம்பி. மோல் புழுவுக்காக வருகிறது, பெருச்சாளி உங்கள் கிழங்குக்கே வருகிறது. முதலில் பாத்தி ஓரத்து மூடாக்கை விலக்கி, வளை வாய் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். வளைக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சில் வைத்துக் கூண்டுப்பொறி. அடுத்த போகத்தில் கிழங்குப் பாத்திக்கு மட்டும் அடியில் கம்பிவலை போடப் பாருங்கள். வலையின் கண் சின்னதாக இருக்கட்டும்.