மாலை வகுப்பு, வீடு, பாதியில் நிற்கும் குறுநாவல்: எழுத நேரம் ஒதுக்குவது எப்படி?

மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியில் வசிக்கிறேன். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். பிறகும் எங்கள் தெருப் பிள்ளைகளை விட மனமில்லாமல், மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை வீட்டுத் திண்ணையிலேயே வகுப்பை நடத்தி வருகிறேன். ஞாயிறு காலையில் கிளை நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் பொறுப்பும் என்னிடம் உள்ளது. வீட்டில் கணவர், பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் நடமாட்டம் குறைந்துவிட்ட மாமியார் ஆகியோர் இருக்கின்றனர்.

சிற்றிதழ்களில் என் சிறுகதைகள் சில வெளிவந்திருக்கின்றன. பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கிய குறுநாவல் மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. இரவு எல்லோரும் உறங்கிய பின் உட்கார்ந்தால், முன்பு எழுதியதை வாசித்து முடிப்பதற்குள் கண் சொருகிவிடுகிறது. அதிகாலையில் எழுந்து எழுதுமாறு பலரும் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் குடிநீர் வருவதும் அந்த நேரத்தில்தான். வகுப்பை விட்டுவிடுங்கள் என்பதைத் தவிர வேறு எந்த யோசனையையும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். குறுநாவலை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிறுகதை மட்டும் எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, குறுநாவலை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அத்தியாயம் என்ற அளவைத்தான் கைவிட வேண்டும். அத்தியாயமாகத் திட்டமிடுபவருக்கு இடையூறில்லாத நீண்ட பொழுது தேவைப்படும், அது உங்கள் வீட்டில் அண்மையில் கிடைக்கப்போவதில்லை. 2013இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ, சிறு குழந்தைகளை வளர்த்த காலத்தில் நாவலுக்கு வேண்டிய நேரம் கிடைக்காததால்தான் சிறுகதை பக்கம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் தொகுப்பு 1968இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 37. ஆனால் உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, அதை உங்கள் கதைமாந்தர்களே காட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண், உலை கொதிப்பதற்கும் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் இடையில் தட்டை மடியில் எடுத்து வைக்கிறார், இறக்கி வைக்கிறார், மீண்டும் எடுக்கிறார். அவருடைய நாள் அப்படித் துண்டு துண்டாக இருக்கும்போது, அவரைப் பற்றிய குறுநாவல் மட்டும் ஏன் நீண்ட அத்தியாயங்களாக ஓட வேண்டும்? ஒன்றரைப் பக்கக் காட்சிகளாக, வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதி வாருங்கள். கோப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: நிறுத்தும்போது, அடுத்து என்ன நிகழும் என்பதை ஒரே வரியில் குறித்துவிட்டு நோட்டை மூடுங்கள். மறுமுறை உட்காரும்போது பழைய பக்கங்களை வாசிக்காமல் அந்த வரியிலிருந்தே தொடங்கலாம். வாசிப்பதிலேயே இரவு கழிந்துவிடுகிறது என்ற உங்கள் குறை பெருமளவு தீரும்.

கரிசல்காட்டுப் பெண் எழுதியது:

காசாளர் ஐயா சொன்ன உத்திகள் பயனுள்ளவை. ஆனாலும், சகோதரியின் கேள்வியில் இருக்கும் முக்கால்வாசிச் சிக்கல் எழுத்து உத்தியைச் சார்ந்ததல்ல என்று நினைக்கிறேன். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இந்த இடைவெளிக்குள்தான் நம் குறுநாவல்கள் தொலைந்துபோகின்றன. ஐந்து மணிக்கு வகுப்பு இருக்கிறது என்றால் உங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஏனெனில் திண்ணையில் பிள்ளைகள் வந்து காத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்துக்காக யாரும் வந்து காத்திருப்பதில்லை. அதனால் அந்த வேளை எப்போது வேண்டுமானாலும் பறிபோகிறது. வாரத்தில் இரண்டு மாலைகளின் சமையலும் மாமியாருக்கு மருந்து கொடுப்பதும் கணவரின் பொறுப்பு என்று கிழமையைக் குறிப்பிட்டே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்டால் உதவி கிடைக்கும், நேரம் கிடைக்காது.

இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அசோகமித்திரன் தியாகராய நகரில் வீட்டுக்கு அருகிலிருந்த நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். சிற்றூரில் ஒரு பெண் தனியாகப் பூங்காவில் நோட்டோடு உட்கார்ந்தால் வழியில் போகிற உறவினர் எல்லோரும் நின்று நலம் விசாரிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நூலகத்துக்குப் போகத்தான் செய்கிறீர்கள். கதை சொல்லி முடித்ததும் வீட்டுக்குக் கிளம்பாமல், வாசிப்பு மேசையிலேயே மேலும் ஒரு மணி நேரம் இருந்துவிடுங்கள். அதற்காகப் புதிதாக ஒரு விடுப்பை வீட்டில் கேட்க வேண்டியதில்லை.

தெருமுனை நூலகன் எழுதியது:

பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். வகுப்பை விட வேண்டாம், ஆனால் அதைத் தனியாளாக நடத்துவதை விடுங்கள். ஒருவரை மட்டும் நம்பி நடக்கும் வகுப்பு, அவருக்குக் காய்ச்சல் வந்தால் நின்றுபோகும். ஆகவே இது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. உங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒருவரைச் சேர்த்து வாரத்தில் இரண்டு நாள்களை ஒப்படையுங்கள். முதல் மாதம் அருகில் இருங்கள், பிறகு வீட்டுக்குள் போய்விடுங்கள். ஒப்படைத்த நாளில் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கடினம். உங்களைவிடச் சற்றுச் சுமாராக அவர் நடத்தினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பும் எழுத்தும் உங்கள் மனத்தின் ஒரே பகுதியிலிருந்துதான் செலவாகின்றன என்பதையும் கவனியுங்கள். பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, சொல்லாததை முகத்தில் வாசிப்பது ஆகிய இரண்டும் இரு பணிகளுக்கும் வேண்டும். ஆகவே வகுப்பு முடிந்த பின் எழுத முயல்வதைவிட, அது தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரமே மேலானது. சாதம் வடித்துவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பாக அப்படியொரு பொழுது கிடைக்குமா என்று பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அப்பா அடித்தது, கடன்காரர் வந்து நின்றது என்று அவர்கள் உங்களை நம்பிச் சொல்பவை உண்டு. அவற்றை அடையாளம் தெரியும்படி கதையில் வைத்தால், சிற்றூரில் அது யார் வீடு என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தொழில், உறவுமுறை, நிகழ்ச்சி எல்லாவற்றையும் கலைத்து அடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கும் நேரம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணவரிடம் கிழமையைக் குறிப்பிட்டுப் பேசுவது எனக்குத் தோன்றாத வழி. செவ்வாயும் வெள்ளியும் கேட்டிருக்கிறேன், செவ்வாய்க்கு மட்டும் சம்மதம் கிடைத்திருக்கிறது. எதிர்வீட்டில் இளங்கலை படிக்கும் பெண் வகுப்புக்கு உதவ முன்வந்திருக்கிறாள். காசாளர் ஐயா சொன்னபடி காட்சிகளாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்று அத்தியாயங்களில் பாதி வெறும் இணைப்புப் பத்திகளே என்று தெரிந்து அவற்றை நீக்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: சமைக்கும்போது தோன்றும் உரையாடல்களைக் கைப்பேசியில் பேசியே தட்டச்சு செய்துகொள்ளலாமா?

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

செய்யலாம், ஆனால் அந்த வசதி நெல்லை வழக்கைப் பல இடங்களில் தவறாகவே எழுதிவைக்கும். உரையாடல் என்றால் ஒலிப்பதிவாக வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கேட்டு எழுதுங்கள். விவரணைப் பகுதிக்குக் குரல்வழித் தட்டச்சே போதும்.