முட்டைக்கோழிக்கு மூஞ்சி வீங்கி மூக்குல சளி, முட்டை பாதியாயிடுச்சு, என்ன பண்றது?

மன்னார்குடி_கோழிக்கொட்டாய்:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் சின்னதா கொட்டாய் போட்டு 120 முட்டைக்கோழி வச்சிருக்கேன். போன வாரம் வரைக்கும் தெனம் 92 முட்டை வந்துச்சு, இன்னைக்கு 58 தான். அஞ்சு நாளா அடை மழை, சாரல் அடிக்குதுன்னு நாலு பக்கமும் படுதாவ இறக்கி விட்டுட்டேன். மொதல்ல ரெண்டு கோழி தும்முச்சு, மூணாவது நாளே முப்பதுக்கு மேல. ஒரு பக்க கண்ணு வீங்கி மூடிக்குது, மூக்கு ஓட்டைல தவிடு ஒட்டி அடைச்சிருக்கு, ரெக்கை மேல மூக்க தொடைச்சு தொடைச்சு தோள்பட்டை எறகெல்லாம் அழுக்கா இருக்கு. கிட்ட போனா ஒரு அழுகுன நாத்தம். செத்தது ஒன்னே ஒன்னுதான். ராணிக்கெட் நோவா இருக்குமோன்னு பயமா இருக்கு.

வலங்கைமான்காரன்:
மழை சளிதான் தம்பி, பயப்படாத. சின்ன வெங்காயம், மெளகு, மஞ்சள், துளசி அரைச்சு தீவனத்துல உருட்டிக் குடு. கேக்கலன்னா மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் கேப்சூல் வாங்கி தண்ணில கலந்து ரெண்டு நாள் விடு, நான் அப்படித்தான் பண்ணுவேன்.

ஒரத்தநாடு_லேயர்:
அண்ணே கோச்சுக்காதீங்க, வெங்காயம் மெளகு குடுக்கட்டும், அந்த கேப்சூல் மட்டும் வேணாம். தம்பி, ராணிக்கெட்னா பச்சையா கழியும், கழுத்து திருகிக்கும், கொத்து கொத்தா சாகும். நீ சொல்ற மூஞ்சி வீக்கம், நாத்தம், மூணே நாள்ல பரவுனது, சாவு கம்மி, முட்டை மட்டும் இறங்குனது எல்லாம் பார்த்தா கொரைசாங்கற மூக்குச்சளி நோவு மாதிரி இருக்கு. அது பாக்டீரியா, ஒட்டி ஒன்னுலேந்து மூணு நாள்ல மூக்கு ஒழுக ஆரம்பிச்சுடும். சிஆர்டின்னு நாள்பட்ட மூச்சு நோவு இன்னொன்னு இருக்கு, மைக்கோபிளாஸ்மாங்கற கிருமியால வர்றது, அது மெதுவா வரும், ராத்திரி லைட்ட அணைச்சுட்டு சத்தம் போடாம நின்னா கொர் கொர்னு கேக்கும். ரெண்டும் சேர்ந்தும் வரும், அதனால டாக்டர் பார்த்துதான் மருந்து சொல்லணும். ஒரத்தநாடு கால்நடை கல்லூரிக்கு உயிரோட ரெண்டு நோவு கோழிய எடுத்துட்டு போ.
ஒன்னு கேக்குறேன், சமீபத்துல வெளிலேந்து கோழி ஏதும் வாங்கி சேர்த்தியா?

மன்னார்குடி_கோழிக்கொட்டாய்:
ஆமாண்ணே… ரெண்டு வாரம் முன்னாடி சந்தைல வெல கம்மியா கெடச்சுதுன்னு பத்து கோழி வாங்கி நேரா உள்ள விட்டுட்டேன். ஆனா அதுங்களுக்கு ஒன்னும் இல்லையே, நல்லாத்தான் மேயுது.

ஒரத்தநாடு_லேயர்:
அங்கதான் மாட்டிக்கிட்ட. முன்னாடி இந்த நோவு வந்து தேறுன கோழி பார்க்க கல்லு மாதிரி இருக்கும், கிருமி மட்டும் உள்ள இருந்துகிட்டே இருக்கும். கொட்டாய் தரைலயோ தட்டுலயோ அந்த கிருமி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது, கோழிதான் அத வச்சு காப்பாத்துது. முக்கியமா தண்ணி தட்டுல சளி விழுந்து பரவும், அதனால காலைல சாயந்தரம் தட்டுல வழவழப்பு போற வரைக்கும் தேய்ச்சு கழுவு.
படுதாவ மேல ஒரு ரெண்டடி திறந்து விடு. உள்ள போனா ஒனக்கே கண்ணு எரியுதுல்ல, அது ஈர உமிலேந்து கெளம்புற அமோனியா. கட்டியான உமிய அள்ளி வெளில கொட்டிட்டு ரைஸ் மில்லுலேந்து காஞ்ச உமி போடு. எல்லாரும் ஈர உமி மேல சுண்ணாம்ப தூவுறாங்க, அப்ப அமோனியா இன்னும் அதிகமா கெளம்பி காத்து கடுமையாதான் ஆகும்.

டெல்டா_நாட்டுக்கோழி:
மேல அண்ணன் சொன்னது சரி. மருந்து கோர்ஸ் முழுசா குடுங்க, பாதில நிறுத்துனா நின்ன மாதிரி நின்னு திரும்ப வரும், நான் பட்டிருக்கேன். சல்ஃபாங்கற வகை கிருமி மருந்துன்னா முட்டை இன்னும் கொறையும், டாக்டர்கிட்ட முட்டைக்கோழின்னு சொல்லியே கேளுங்க. மருந்து குடுக்குற நாளும் அதுக்கப்புறம் அவர் சொல்ற நாள் வரைக்கும் வர்ற முட்டைய விக்காதீங்க. கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் கலந்தது யாராவது நீட்டுனா வாங்காதீங்க, 2019லயே கால்நடைக்கு தடை போட்டாச்சு.

மன்னார்குடி_கோழிக்கொட்டாய்:
ரொம்ப நன்றிண்ணே. டாக்டர்கிட்ட காட்டிட்டேன், கொரைசான்னுதான் சொன்னார், மருந்து ஆரம்பிச்சு மூணு நாள், கண்ணு திறந்துடுச்சு. முட்டை மட்டும் இன்னும் இறங்கி 50க்கு வந்துச்சு, கடைக்காரர்கிட்ட பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன்னுட்டேன். இப்ப அந்த சந்தை கோழி பத்தையும் தனியா கட்டி வச்சிருக்கேன், அடுத்த செட்டு குஞ்சு எறக்குறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் கழிச்சுடணுமா, இல்ல குஞ்சுக்கு தடுப்பூசி போட்டா போதுமா?

ஒரத்தநாடு_லேயர்:
ஊசி முட்டை போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ போடணும், போடு. ஆனா பழசையும் புதுசையும் ஒரே கொட்டாய்ல வைக்காத தம்பி. பழசு எல்லாத்தையும் வித்துட்டு, கழுவி, ரெண்டு வாரம் காலியா போட்டுட்டு அப்பறம் எறக்கு. அந்த பத்து கோழிய வேற பண்ணைக்காரன் தலைல கட்டிடாத, கறிக்கு போவட்டும், அதுவும் மருந்து நாள் கணக்கு முடிஞ்சப்பறம்.